ஊர்தி வந்தும் ஏறாத நோயாளர்

நோயுற்றவரைக் காக்கும்பொருட்டு ஆம்புலன்ஸ் விரைந்து வருவதும், வந்த ஊர்தி அவரை ஏற்றாமலே திரும்பிச் செல்வதும் நம் நாட்டுப்புறங்களில் அரிய காட்சிகள் அல்ல. கண்டவர் இருவகையாகப் பேசுவர். "ஏற்றிச் செல்லாத ஊர்தி எதற்கு? வந்தவர் கடமை தவறினர்" என்பார் ஒரு சாரார். "அழைத்துவிட்டு ஏற மறுக்கும் மக்கள் அறிவிலிகள்" என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் எளியன. எளியனவாதலாலேயே பெரிதும் பிழைபட்டன. நோயாளர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படாமைக்குக் காரணம் ஒன்றன்று, பல. அவற்றுட் சில நோயாளரின் நன்மைக்கே உரியன. சில உயிருக்கு உலை வைப்பன. இவ்விருவகையையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால் நல்லதைப் பழிக்கின்றோம், தீயதைப் பொறுக்கின்றோம். ஆதலின் இவற்றை வேறு பிரித்துக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரி மாணவருட் பலர் பொருநையாற்றுப் பாசன ஊர்களினின்று வந்தவர். வேறு பலர் தேரிக்காடும் பனங்காடும் கடலும் சூழ்ந்த குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு முதலிய ஊர்களினர். அக்கடற்கரை ஊர்களை மனத்திற் கொண்டே இதனை எழுதத் துணிந்தேன். ஏனெனில், பெரிய மருத்துவமனை தெருக்கோடியில் உள்ள நகரத்தில் இவ்வினா அத்துணைக் கூர்மை பெறுவதில்லை. குலசேகரன்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அதனினும் தொலைவு. இத்தொலைவே வினாவின் உயிர்நாடி.

முதலில், ஆம்புலன்ஸ் என்பது யாது? நாம் அதனை நோயாளரைச் சுமக்கும் வண்டி என்றே கருதுகின்றோம். ஆனால் அச்சொல் பிரெஞ்சு மொழியில் நடமாடும் மருத்துவமனை என்னும் பொருளினின்று வந்தது. படைகளைப் பின்தொடர்ந்து செல்லும் மருத்துவ நிலையமே முதலில் அப்பெயர் பெற்றது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராயிருந்த லாரே என்பார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்களத்திற்கே விரைந்து செல்லும் இலகுவான வண்டிகளை அமைத்தார். அவர் செய்த மற்றொரு தொண்டு அவ்வண்டிகளினும் பெரிது. படைத்தலைவனா, காலாளா, பகைவனா என்று பாராது, காயத்தின் கொடுமையையே அளவாகக் கொண்டு முன்பின் வகுத்து மருத்துவம் செய்ய வேண்டும் என்று அவர் முறை செய்தார். ஆகவே, ஆம்புலன்ஸின் பிறப்பிலேயே இரு கருத்துக்கள் அடங்கியிருந்தன: மருத்துவம் நோயாளனைத் தேடிச் செல்லுதல் ஒன்று, யாரை முதலில் எடுத்துச் செல்வது என்று ஆய்ந்து துணிதல் மற்றொன்று. எல்லாரையும் ஏற்றிச் செல்லுதல் என்பது அதன் இலக்கணமாக என்றும் இருந்ததில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இக்கருத்துக்கு முன்மாதிரி உண்டு. வேலூரில் 1900-இல் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909 முதல் மோட்டார் வண்டியில் மருந்தும் கட்டுத்துணியும் ஏற்றிக்கொண்டு கிராமச் சாலைகளில் மரநிழல்தோறும் நின்று நோயாளரைக் கண்டார். பெரும்பாலாரை அங்கேயே குணப்படுத்தி வீட்டிற்கு அனுப்பினார்; கடிய நோயினரை மட்டுமே வேலூருக்கு வரச் செய்தார். அவரை யாரும், நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவில்லை என்று பழித்ததில்லை.

இனி நம் காலத்து 108 ஊர்திக்கு வருவோம். 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கிய இம்முறை, தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஏதுமின்றி, மூன்று இலக்க எண்ணொன்றை அழைத்த அளவில், ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் உயிர்க்காற்றும் மருந்தும் தாங்கி வருவது, முந்தைய தலைமுறையார் கனவிலும் எண்ணாத பேறு. ஓடும் ஊர்தியிலேயே குழந்தை பிறக்கச் செய்து தாய்சேய் இருவரையும் காத்த உதவியாளர் பலர். இப்பேற்றைக் குறை கூறுவது என் கருத்தன்று. அது வந்தபின்னும் சிலர் வீட்டிலேயே நின்றுவிடுவது ஏன் என்பதே என் வினா.

ஏற்றப்படாதவருள் முதல் வகையினர், ஏற்ற வேண்டாதவர். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவை அறியாதார் நம் பக்கத்தில் இலர். நாற்பத்தொரு நாள், நாற்பத்தெட்டு நாள் என நோன்பிருந்து, காளியாகவும் குரங்காகவும் குறவனாகவும் வேடம் புனைந்து, வெயிலில் ஊரூராகக் காணிக்கை திரட்டி, இறுதி நாளில் கடற்கரையில் சூரசம்ஹாரம் காண லட்சக்கணக்கானோர் குழுமுவர். அந்நெரிசலில் மயங்கி வீழ்வோர் பலர். பெரும்பாலார்க்கு வேண்டுவது நிழலும், காற்றும், இறுக்கிய வேட ஆடையின் தளர்வும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீருமே. ஒவ்வொருவரையும் தூத்துக்குடிக்கு ஏற்றிச் செல்வதாயின், போகவும் வரவும் இரண்டு மூன்று மணி நேரம் அவ்வூர்தி கடற்கரையில் இராது. அந்நேரத்தில் மாரடைப்பால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவரை யார் ஏற்றுவது? ஒருவரை வேண்டாது ஏற்றுவது, மற்றொருவரை வேண்டியபோது கைவிடுவதாகும். இவ்வகையில் ஏற்றாமை குற்றமன்று, அறமேயாம்.

இங்கிலாந்து நாட்டில் இதனை ஒரு முறையாகவே அமைத்துள்ளனர். அழைப்போரிடம் தொலைபேசியிலேயே கேட்டறிந்து வழிகாட்டுதல், நேரிற் சென்று கண்டு அங்கேயே மருத்துவம் செய்தல், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் என அழைப்புக்களை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுகின்றனர். கொண்டுசெல்லாதவற்றை அவர்கள் மறைப்பதில்லை, எண்ணி வெளியிடுகின்றனர். இதனை நினைவில் வைப்போம். பின்னர் இதற்கு மீள்வேன்.

இரண்டாம் வகையினர், ஊர்தி வருமுன் உயிர் நீத்தார். 108 ஊர்தி உயிருள்ளாரைக் காக்க ஏற்பட்டது. இறந்தாரைச் சுமப்பது அதன் பணியன்று. உறவினர் அழுது மன்றாடும்போது, "ஏற்ற இயலாது" என்னும் சொல் கொடுமையாகவே ஒலிக்கும். ஆயினும் அவ்வூர்தி பிணத்தைச் சுமந்து செல்லும் நேரத்தில், அடுத்த ஊரில் பிழைக்கக்கூடிய ஒருவர் மாளலாம் என்பதை எண்ணுக. அரசு மருத்துவமனையில் இறந்தாரை வீட்டிற்குக் கொண்டுசேர்க்க 155377 என்னும் எண்ணில் கட்டணமில்லா அமரர் ஊர்தி தனியே உண்டு. இவ்விரண்டின் வேறுபாட்டை மக்களுக்கு விளக்காமையே பல சண்டைகளுக்குக் காரணம்.

மூன்றாம் வகையினர், ஊர்தி வருமுன்னரே வேறு வண்டியில் எடுத்துச் செல்லப்பட்டார். இதில்தான் அன்பே கேடாக முடியும் அவலத்தைக் காண்கின்றோம். உடன்குடிப் பக்கத்தில் பதநீர்க் காலத்தில் பனையேறுவோர் வாழ்வு நூலிழையில் தொங்குவது. கால் வழுக்கி அவ்வுயரத்தினின்று வீழ்ந்தவனுக்கு முதுகெலும்போ கழுத்தெலும்போ முறிந்திருத்தல் கூடும். எலும்பு முறிந்திருப்பினும் அதனுள் ஓடும் நரம்புத்தண்டு அறாதிருக்கலாம். ஓடிவந்தோர் இருவர் கையையும் இருவர் காலையும் பற்றித் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து, மேடுபள்ளச் சாலையில் விரைவர். அந்த அன்பான விரைவில் அறாத நரம்பும் அறுந்துவிடுதல் உண்டு. பிழைத்து நடக்க வேண்டியவன் பிழைத்தும் நடவாதவனாகின்றான். பலகை ஒன்றில் உடல் வளையாது பலர் ஒருங்கே உருட்டிக் கிடத்தி, தலையை அசையாது தாங்கி, ஊர்தி வரும்வரை காத்திருத்தலே அவனுக்குச் செய்யும் பேருதவி. இங்கு விரைந்து கொண்டுசெல்லுதல் நன்றென்னும் பொதுவிதி பொய்த்துப் போகின்றது.

இதன் மறுதலையும் உண்டு. 1997 ஆகஸ்டு 31 அன்று பாரிஸ் நகரில் கார் விபத்தில் இளவரசி டயானா காயமுற்றபோது, பிரெஞ்சு முறைப்படி ஊர்தியிலேயே மருத்துவர் வந்தார். விபத்து நடந்த இடத்திலேயே நெடுநேரம் மருத்துவம் செய்தார். நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.25-க்கு நடந்த விபத்துக்கு, மருத்துவமனை சேர்ந்த நேரம் 2.06. நுரையீரலினின்று இதயத்திற்கு வரும் இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தது. அதற்குச் சாலையோரத்தில் மருந்தில்லை. அறுவைக்கத்தி ஒன்றே மருந்து. முன்னமே கொண்டுசென்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்னும் வாதம் பின்பு நெடிது நடந்தது. அமெரிக்க, ஆங்கில முறையினர் எடுத்துக்கொண்டு ஓடுக என்றனர்; பிரெஞ்சு முறையினர் நின்று நிலைப்படுத்துக என்றனர். நாம் அறியவேண்டுவது யாதெனின், இவ்விரண்டும் எல்லாவிடத்தும் பொருந்தும் விதிகள் அல்ல. உள்ளே குருதி பெருகுவோனையும், நாகந்தீண்டினவனையும், நெஞ்சடைத்தவனையும், வாய் கோணிக் கை சோர்ந்தவனையும் வீட்டில் வைத்திருத்தல் கூடாது. பக்கவாதத்தில் மூளைக் குழாயை அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் குருதிக்கட்டியா குருதிக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துத் துணிய வேண்டும். அவ்வியந்திரம் நம் 108 ஊர்தியில் இல்லை.

இதுகாறும் கூறியவை ஒருவாறு எளியன. நான்காம் வகையே மிக அரியது. நம் ஊர்களில் மிகுந்த துயரந் தருவதும் அதுவே. அஃதாவது, ஏற்றவேண்டியவர் தாமாகவே ஏற மறுத்தல்.

இம்மறுப்பில் நோயின் மாயமும் ஒன்றுண்டு. சர்க்கரைநோய்க்கு மாத்திரை உண்ணும் முதியவர் ஒருவர், விரதத்தாலோ வறுமையாலோ உண்ணாதிருந்து மயங்குகின்றார் எனக் கொள்வோம். ஊர்தி வருகின்றது, குருதியில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருப்பதைக் கண்டு குளுக்கோஸ் ஏற்றுகின்றனர். சில நிமிடங்களில் அவர் எழுந்தமர்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்கின்றார். வீட்டாரும் மகிழ்கின்றனர். ஆனால் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் ஆற்றல் பல மணி நேரம் உடலில் நிற்கும். குளுக்கோஸின் பயன் தீர்ந்தவுடன், யாவரும் உறங்கும் நேரத்தில், மயக்கம் மீண்டும் வரும். முதல் மயக்கத்தைக் கண்டு அழைத்தவர் இரண்டாம் மயக்கத்தை உறக்கமென்றே எண்ணுவர். இங்கு நோயாளர் பொய் கூறவில்லை. அவர்தம் உடலே அவரை ஏமாற்றுகின்றது.

ஆயினும் பெரும்பாலான மறுப்புக்கு வேர் நோயிலன்று, வாழ்விலே உள்ளது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பயின்ற நாம், வள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் கூறியதை அறிவோம்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன. மருத்துவரையும் மருந்தையும் மட்டும் கூறி அமையாது, அருகிருப்பவனையும் உறுப்பாக எண்ணியது அவர் நுண்ணறிவு. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு உறுப்பையும் நந்நான்காக விரித்தார். நோயுற்றவனுக்கு அவர் கூறிய நான்கனுள் முதலில் வைத்தது எது? பொருளுடைமை. மருத்துவன்வழி நிற்றலும், நோய்நிலை உணர்த்தலும், மருந்தால் வரும் துன்பம் பொறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. நான் இதனை வகுப்பில் பயின்றபோது வெறும் உரைநயமாகக் கொண்டேன். ஊர்தியில் ஏற மறுப்போரின் காரணங்களை எண்ணிப் பார்க்கும்போதுதான் அது வாழ்க்கைக் கணக்கென்று விளங்குகின்றது.

108 ஊர்தி கட்டணமின்றி ஏற்றிச் செல்லும். ஆனால் திரும்பக் கொண்டுவந்து விடுவதில்லை. பிள்ளை பெற்ற தாயரையும் பச்சிளங் குழந்தைகளையும் அரசு மருத்துவமனையினின்று வீடு சேர்க்க 102 ஊர்தி உண்டு, ஏனையோர்க்கு அவ்வசதியில்லை. நள்ளிரவில் தூத்துக்குடி சேர்ந்த முதியவளை, ஒன்றுமில்லை என்று விடியுமுன் அனுப்பிவிட்டால் அவள் எவ்வாறு குலசேகரன்பட்டினம் மீள்வாள்? வாடகைக் காருக்கு அவளிடம் ஏது பொருள்? சென்றுவரும் வழியில் ஒரு பாதியை மட்டும் இலவசமாக்கினோம். மற்றப் பாதியை ஏழையின் தலையிற் போட்டோம். ஊர்தியின் கதவு திறந்திருக்க, அவள் மனக்கண்ணில் நிற்பது அத்திரும்பும் வழியே.

அடுத்தது அருகிருப்பவர் இன்மை. நம் அரசு மருத்துவமனைகளில், மாத்திரை வாங்கிவரவும், பரிசோதனைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்லவும், உணவூட்டவும் நோயாளியுடன் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது எழுதாச் சட்டம். மகன் வளைகுடா நாட்டில். மகள் திருமணமாகிச் சென்னையில். வீட்டில் இருப்பவர் கிழவனும் கிழவியுமே. கிழவனை ஏற்றினால் கிழவியும் ஏற வேண்டும். ஆட்டுக்குட்டியும் கோழியும் பூட்டாத வீடும் யார் பொறுப்பு? உடன் வரக்கூடிய அயலான் ஒருவனுக்கோ ஒருநாட் கூலி போய்விடும். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு இல்லாத வீட்டில் மற்ற மூன்றும் பயன்படாமற் போகின்றன. அறியாமை என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் தனிமையே.

பெண்டிர்க்கு இன்னுமொரு தடை உண்டு. கணவன் கடலுக்குப் போயிருக்கின்றான். அவன் வராமல், அவனைக் கேளாமல் எவ்வாறு புறப்படுவது என்று கருவுற்ற மனைவி குருதி கசிந்தும் காத்திருப்பாள். இது பழைய கதையே. திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத் துன்பத்தில் மாண்டதும், ஆண் மருத்துவரைத் தொட விடோம் என்று வீட்டார் மறுத்ததும், அதுகண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் பயிலப் புறப்பட்டதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தவை. மருத்துவர் அடுத்த தெருவில் இருந்தும் அப்பெண்கள் அவரிடம் சேரவில்லை. தொலைவு கிலோமீட்டரால் மட்டும் அளக்கப்படுவதன்று.

அச்சமும் ஒரு காரணம். சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தொட்டால் காவல் நிலையமும் நீதிமன்றமும் ஏற வேண்டிவரும் என்னும் அச்சம் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் ஊறியது. அவ்வச்சம் ஆதாரமற்றதும் அன்று. ஸ்கூட்டரில் சென்று கார் மோதி வீழ்ந்த ஒருவரை, சட்டத் தொடர்புடைய காயம் என்று ஒரு மருத்துவமனை ஏற்காது, இருபது கிலோமீட்டர் அப்பாலுள்ள மற்றொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே மாண்ட செய்தி பத்திரிகையில் வந்தது. அதன் பேரில் எழுந்த பரமானந்த கடாரா வழக்கில், 1989-இல் உச்ச நீதிமன்றம், முதலில் உயிரைக் காக்க, முறைமைகள் பின்னர் என்று எல்லா மருத்துவரையும் கட்டுப்படுத்தியது. 1992-இல் ரயிலினின்று வீழ்ந்து தலையில் காயமுற்ற வங்காளத் தொழிலாளி ஒருவர், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாகத் திருப்பப்பட்டார். அவ்வழக்கில் 1996-இல், உரிய நேரத்தில் மருத்துவம் மறுப்பது வாழ்வுரிமையை மறுப்பதாகும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் உதவுவோர்க்குப் பாதுகாப்பு நெறிகளை உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134அ என்னும் பிரிவில் அப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்துக்குள்ளானோர்க்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேர மருத்துவச் செலவை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்கச் செய்தது. சட்டம் மாறிற்று, அச்சம் மாறவில்லை. ஏட்டிலுள்ள சட்டத்தை ஊருக்குக் கொண்டுசேர்ப்பார் இன்மையே காரணம்.

உதவுவோரைக் காக்கும் இச்சட்டத்திற்கு உலகெங்கும் வழங்கும் பெயர், லூக்கா சுவிசேஷத்திலுள்ள நல்ல சமாரியனின் பெயரே. அவ்வுவமையை நாம் சிறு பருவமுதற் கேட்டிருப்பினும், அதன் ஒழுங்கை நுணுகிக் கண்டோமா? அவன் முதலில் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். பின்பே தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் அன்றிரவு உடனிருந்து பராமரித்தான். மறுநாள் செலவுக்குப் பணமும் கொடுத்து, மிகுந்த செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். இருந்த இடத்து மருத்துவம், ஏற்றிச் செல்லல், உடனிருத்தல், செலவேற்றல், திரும்பி வந்து கேட்டல் என ஐந்து கடமைகள் அதில் உள்ளன. நம் காலத்தார் இரண்டாவதை மட்டும் ஊர்தியாக அமைத்து, மற்றவற்றை அரைகுறையாக விட்டனர்.

இங்கு ஒரு தடை எழக்கூடும். "ஏற்றாமையும் சில இடத்து நன்று என்று நீர் கூறின், சோம்பல் உடைய பணியாளர்க்கு அது சாக்காகாதா? மருத்துவ உதவியாளர் மருத்துவர் அல்லரே. அரையிருளில், அழுகுரலின் நடுவே, அவர் துணிவது எவ்வாறு சரியாகும்?" என்பர். தடை வலியுடையதே. இங்கிலாந்தில் ஏற்றாது விடுவோர் பல ஆண்டு பயின்றவர். அவர் விட்டுச்சென்ற நோயாளரை மறுநாள் காண்பதற்குக் குடும்ப மருத்துவர் உண்டு. அம்முறையின் ஒரு பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளல் கூடாது. ஆதலின் நான் வேண்டுவது, ஏற்றாது விடும் துணிபு ஒருபோதும் ஊர்தியினர் தனியே செய்வதாக இருத்தல் ஆகாது என்பது. கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் கலந்தே அது நிகழ வேண்டும். ஐயம் உள்ளவழி ஏற்றுவதே விதியாக வேண்டும்.

"வயதுவந்து தெளிந்த அறிவுடையான் ஒருவன் வர மறுப்பின், வலிந்து தூக்கிச் செல்வதா?" என்பது மற்றொரு தடை. கூடாது, தன் உடலின்மேல் அவனுக்குள்ள உரிமை பெரிது. ஆனால் உரிமையோடு மறுத்தல் என்பது, விளைவை அறிந்து மறுத்தல். திரும்பி வரப் பணமின்மையால் மறுப்பவன் உரிமையைச் செலுத்துகின்றானில்லை, வறுமைக்குப் பணிகின்றான். ஒரு தாளில் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு ஊர்தி திரும்புமாயின், அத்தாள் பணியாளரைக் காக்கும், நோயாளரைக் காவாது. ஏன் மறுக்கின்றீர் என்று ஒரு வினாவைக் கேட்டு, அவ்விடையை எழுதிக்கொண்டால், அத்தாளே நாட்டுக்குப் பாடமாகும்.

இவற்றினின்று பெறப்படும் கடமைகள் நான்கு. முதலாவது, திரும்பும் வழி. ஊர்தியில் வந்த ஏழை நோயாளரும் உடன்வந்தாரும் ஊர் மீளப் பேருந்துச் சீட்டேனும் மருத்துவமனையே தருதல் வேண்டும். பேருந்தில்லா இரவில் விடியும்வரை தங்க இடமும் வேண்டும். இச்செலவு ஊர்திச் செலவை நோக்கச் சிறிது. இரண்டாவது, விட்டுச்செல்லும் வீட்டில் ஒரு சீட்டு. யாது கண்டனர், என்ன மருந்து கொடுத்தனர், எக்குறி தோன்றினால் மீண்டும் அழைக்க வேண்டும் என்பவை தெளிந்த தமிழில் அதில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, மறுநாள் வருகை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடிச் செல்லும் பெண் பணியாளரும், கிராம சுகாதாரச் செவிலியரும் நம் ஊர்களில் உள்ளனர். முன்னிரவு ஏற்றப்படாதார் பெயரை விடியுமுன் அவர்க்குத் தெரிவிப்பின், அச்சர்க்கரைநோய் முதியவரின் கதவை ஒருவர் தட்டுவார். நான்காவது, எண்ணி வெளியிடுதல். ஏற்றப்பட்டாரைக் கணக்கிட்டுப் பெருமை கொள்வது போதாது. ஏற்றப்படாதார் எத்துணையர், என்ன காரணத்தால், அவருள் ஒருநாளுள் மீண்டும் அழைத்தார் எத்துணையர், மாண்டார் எத்துணையர் என்பவை மாவட்டந்தோறும் தெரிய வேண்டும். அக்கணக்கு இல்லாதவரை, ஏற்றாமை அறிவின் பயனா அலட்சியத்தின் பயனா என்று எவரும் கூற இயலாது.

அரசு செய்யவேண்டியவை இவை. நாம் செய்யக்கூடியவையும் உள. குலசேகரன்பட்டினத்தில் விண்கலம் செலுத்தும் நிலையத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதே மண்ணில் பனையினின்று வீழ்ந்தவனை முதுகு வளையாது தூக்கத் தெரிந்தவர் ஓர் ஊருக்குப் பத்துப்பேரேனும் வேண்டும் என்பது பேராசையன்று. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டமும், தேசிய மாணவர் படையும், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் உள்ளன. கோடை முகாம்களில் கோயில் வளாகத்தையும் சாலையோரத்தையும் துப்புரவு செய்வதோடு அமையாது, பனையேறிகளின் ஊர்களில் முதலுதவி பயிற்றலாம். தசராக் குழுக்கள் ஒவ்வொன்றிலும் இருவர்க்கு, மயங்கினவருள் யாரை நிழலில் கிடத்துவது, யாருக்கு உடனே 108-ஐ அழைப்பது என்று கற்பிக்கலாம். உதவினவரைக் காவலர் துன்புறுத்தலாகாது என்னும் சட்டத்தை எளிய தமிழில் எழுதித் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டலாம்.

இவற்றினும் எளியதொன்று உண்டு. அதற்கு முகாமும் வேண்டாம், பணமும் வேண்டாம். விடுமுறையில் நாம் ஊரில் இருக்கும்போது, நம் தெருவில் ஊர்தி வந்து நிற்குமாயின், கூட்டத்தோடு கூட்டமாக நின்று நோக்குதல் தவிர்த்து, "உடன் வர ஆளில்லையா? நான் வருகின்றேன்" என்று கூறுதல். அவ்வொரு சொல் இன்மையால் ஏறாது நின்றவர் நம் ஊர்களில் எத்துணையரோ! வள்ளுவர் எண்ணிய நான்கனுள், தீர்ப்பவராக நம்மிற் சிலரே ஆதல் கூடும். அருகிருப்பவராக நம்மில் எவரும் ஆகலாம்.